நான்கு நாள் பிந்தி வந்த மகளுக்கு

மானிப்பாய்,
சித்திரை மாதம்.

அன்பு மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் மறுமொழி சொல்லாமல் மழையைப் பற்றியும் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். "நான் அங்கே இருந்திருந்தால் அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாவோ அப்பா" என்று கேட்டாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "கடவுள் அந்த நேரம் அங்கே இருந்தவரோ" என்றும் கேட்டாய். ஆலயத்துக்குப் போனால் பாட்டுப் பாட வாய் வருவதில்லை என்றும் சொன்னாய். இவற்றுக்கெல்லாம் தொலைபேசியில் மறுமொழி சொல்ல எனக்குத் தெரியாது. எழுதினால் ஒருவேளை முடியும் என்று விறாந்தையில் அம்மாவின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பனிப்புயலால் விமானம் நின்றுபோய், ரொறன்ரோ விமான நிலையத்துக் கதிரையில் இருந்தபடி, அதிகாலை நான்கரை மணிக்குக் கைத்தொலைபேசியில் உன் தாயின் அடக்க ஆராதனையைப் பார்த்தாய். நீ வீட்டுப் படலையைத் திறந்தபோது அடக்கம் முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அந்த நான்கு நாட்களை நீ ஒரு குற்றமாகவே சுமக்கிறாய் என்பதை, இங்கே நின்ற இரண்டு கிழமையும் நீ அம்மாவின் அறைக்குள் தனியே போகாமல் இருந்ததிலிருந்தே விளங்கிக்கொண்டேன்.

பெத்தானியா ஊரில் நடந்ததை நீ சிறுவயதில் ஞாயிறு பாடசாலையில் அம்மாவிடமே படித்தாய். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று சகோதரிகள் ஆள் அனுப்பிச் சொன்ன பிறகும், இயேசு இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்கினார். அவர் வந்து சேர்ந்தபோது லாசருவைக் கல்லறையில் வைத்து நான்கு நாட்களாகிவிட்டன. மார்த்தாளும் பிறகு மரியாளும், ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்காமலே, ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." மகள், நீ உன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே வாக்கியத்தை அவர்கள் ஆண்டவரைப் பார்த்துச் சொன்னார்கள், அவர் அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆகையால் அந்த வாக்கியத்தை உன் தலையிலிருந்து இறக்கி அவரிடம் சொல். மனத்தாங்கலோடு சொன்னாலும் பரவாயில்லை. அதைக் கேட்டுத் தாங்கக்கூடியவர் அவர் ஒருவரே; உன்னால் அதைத் தாங்க முடியாது.

அதன் பிறகு நடந்ததுதான் இத்தனை மாதங்களாக என்னைத் தாங்கி வந்திருக்கிறது. இன்னும் சில நிமிடங்களில் லாசருவைத் தாம் பெயர் சொல்லி எழுப்பப் போகிறார் என்பதை அறிந்திருந்தும், இயேசு கண்ணீர் விட்டார். முடிவு தெரிந்தவருக்கு அழுவதற்கு என்ன தேவை இருந்தது? இளவயதில் இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு விளங்கவில்லை. இப்போது, முப்பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவளின் கண்ணை என் கையால் மூடிய பிறகு, கொஞ்சம் விளங்குகிறது. மரணத்தை அவர் ஒரு சாதாரண விடயமாக எண்ணவில்லை. பவுல் அப்போஸ்தலனும் அதை நண்பன் என்றோ இயற்கை என்றோ எழுதாமல், "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்றே எழுதினார். சத்துருவின் முன்னால் நின்று அழுவது அவிசுவாசம் ஆகாது. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும் அவர் துக்கப்படவேண்டாம் என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்படவேண்டாம் என்றே சொன்னார். உனக்குப் பாட வாய் வராவிட்டால் பாடாதே. எண்பத்தெட்டாம் சங்கீதம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை முறைப்பாடாகவே போய், ஒரு துதிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் வேதப்புத்தகத்தில் இடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் பாடட்டும், நீ பக்கத்தில் இரு.

அம்மாவின் வருத்தத்தைப் பற்றி உனக்கு நான் முழுவதும் சொல்லவில்லை. ஆவணியில் தெல்லிப்பழைக் கிளினிக்கில் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது என்று வைத்தியர் சொன்னபோது, அம்மா அவரிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார்: எவ்வளவு காலம், நோவைக் குறைக்கலாமா. முதலாவதற்கு வைத்தியர் நிச்சயமாக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதற்கு ஆம் என்றார். மார்கழியில் நோ கூடியபோது நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை குடிக்கும் மோபின் மருந்து தந்தார்கள்.

அந்த நாட்களில் ஜெபிப்பதற்கென்று சிலர் வீட்டுக்கு வந்தார்கள். யாரென்று எழுத எனக்கு விருப்பமில்லை. கட்டிலைச் சுற்றி நின்று உரத்த சத்தமாக ஜெபித்துவிட்டு, மருந்தை நிறுத்திப் பூரணமாக விசுவாசித்தால் சுகம் கிடைக்கும், வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதும் இருந்தால் அறிக்கையிடுங்கள் என்று சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்தில் நான் முற்றத்துக்குப் போய்விட்டேன். பிறவியிலேயே குருடனான மனிதனைக் காட்டி, இவன் செய்த பாவமோ, பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லி இரண்டாயிரம் வருடம் ஆகப்போகிறது. இன்னும் நாங்கள் படுத்திருப்பவர்களின் தலைமாட்டில் நின்று அதே கேள்வியைக் கேட்கிறோம். அம்மா கோபப்படவில்லை. அவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார். அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று பவுல் தன் உடனூழியனைப் பற்றி எழுதிய இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "பவுலுக்கு விசுவாசம் காணாதாமோ" என்று கேட்டார். தன் சரீரத்திலிருந்த முள்ளை நீக்கும்படி அதே பவுல் மூன்று தரம் வேண்டியபோதும் முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற வார்த்தைதான் கிடைத்தது.

மருந்தும் கிருபைதான் என்பதை நாங்கள் இந்த ஊரில் இருந்துகொண்டு மறக்கலாமா? 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், எங்கள் மானிப்பாயிலேயே இருந்து, தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கி, தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவத்தைப் படிப்பித்தார். 1884 இல் அமெரிக்காவில் இறந்தபோது, அவர் விரும்பியபடியே, தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதையே கல்லறையில் பொறித்தார்கள். நோவைத் தணிப்பதும் நற்செய்தி சொல்வதும் அவருக்கு இரண்டு வேலைகளாக இருக்கவில்லை. அம்மா படித்த உடுவில் மகளிர் பாடசாலையை 1824 இல் தொடங்கிய ஹரியற் வின்சிலோ அம்மையார், 1833 இல் 36 வயதில் உடுவிலிலேயே இறந்தார். அவருடைய விசுவாசமும் குறைந்ததென்றா சொல்வது? எங்களுக்கு இந்த விசுவாசத்தைக் கொண்டுவந்தவர்களே இங்கே நோயில் விழுந்து, இங்கேயே அடக்கமானவர்கள். சுகமாயிருப்பதே விசுவாசத்தின் கூலி என்று அவர்கள் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை.

துன்பம் ஏன் வருகிறது என்று நீ கேட்டால், எனக்கு மறுமொழி இல்லை. 1995 ஆடி மாதம் 9ஆம் திகதி, இடம்பெயர்ந்த சனங்கள் தங்கியிருந்த நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்தபோது உனக்கு ஆறு வயது. நிலம் அதிர்ந்ததும் நீ மேசைக்குக் கீழே போனாய். ஆலயம் என்று நம்பி ஒதுங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அடுத்த நாள் அம்மா அங்கே போய், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயோடு பொழுதுபடும்வரை தரையில் இருந்துவிட்டு வந்தார். என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, செம்பில் தண்ணீர் வைத்திருந்தேன், கேட்ட நேரம் கொடுத்தேன் என்றார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த சரியான காரியம் அது ஒன்றுதான், வாய் திறந்த பிறகு எல்லாம் பிழைத்தது என்று அம்மா பிற்காலத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தது அந்த நாளிலிருந்து வந்ததென்று நினைக்கிறேன். அதே வருடம் ஐப்பசிக் கடைசியில் மழைக்குள் செம்மணி வழியாக, இடம்பெயர்ந்த சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்குப் போனபோது, நீ என் சைக்கிள் பாரில் நித்திரை. அம்மா பின்னால் நடந்து வந்தார். மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் என்ற வரியை அன்று அவர் எத்தனை தரம் சொன்னாரோ தெரியாது. நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கைச் சுற்றிப் போக வழி உண்டென்று அந்தச் சங்கீதத்தில் இல்லை. "தேவரீர் என்னோடே கூட இருக்கிறீர்" என்று மட்டும் இருக்கிறது. கடவுள் அந்த நேரம் அங்கே இருந்தவரோ என்று நீ கேட்டதற்கு என்னிடம் உள்ள மறுமொழி அதுதான் மகள். இருந்தார். சிலுவையிலே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியவர், கைவிடப்பட்டதாக நினைப்பவர்களின் கட்டில் எது என்று அறிவார். கடைசி இரவு அம்மாவின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தபோது அந்த அறையில் நான் தனியே இருக்கவில்லை. இதற்கு மேல் அதை விவரிக்க எனக்குச் சொல் இல்லை.

உயிர்ப்பு ஞாயிறு விடியற்காலையில் சேமக்காலைக்குப் போனேன். மண் இன்னும் முழுவதும் இறுகவில்லை. அங்கிருந்து திரும்பும்போது பக்கத்து வளவில் போன புரட்டாதியில் பனங்கொட்டை போட்ட பாத்தியைப் பார்த்தேன். தையில் கிழங்கு கிண்டியது போக, விட்டுவைத்த ஓரத்தில் குருத்து வெளியே வந்திருந்தது. பனங்கொட்டையின் முளை முதலில் மேலே வருவதில்லை, கீழ்நோக்கியே போகும் என்பது உனக்கு நினைவிருக்கும். சிறுவயதில் நீ பொறுமையில்லாமல் பாத்தியைக் கிளறிப் பார்த்து, ஒன்றும் முளைக்கவில்லை என்று அழுதாய். அம்மா ஒரு கொட்டையை மெல்லத் தூக்கி, கீழே போய்க்கொண்டிருந்த வெள்ளை முளையைக் காட்டினார். அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும் என்று பவுல் எழுதியதை அடக்க ஆராதனையில் ஐயர் வாசித்தபோது நான் சரியாகக் கேட்கவில்லை, அன்று காது அடைத்திருந்தது. அந்தப் பாத்தி ஓரத்தில் நின்றபோதுதான் கேட்டது. அம்மாவின் ஆவி எங்கோ காற்றில் கலந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. பாடம் சொல்லிக்கொடுத்த அந்தக் குரலும், மா பிசைந்த அந்தக் கையும் உடைய உன் தாயை, நோவில்லாத சரீரத்தோடு, பெயர் சொல்லி எழுப்புவார் என்றே நம்புகிறேன். கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார் என்று சொல்லியிருக்கிறது. துடைப்பதற்கு அந்த நாள்வரை எங்கள் கண்ணில் கண்ணீர் இருக்கத்தானே வேண்டும்.

இன்னொன்று. அம்மாவின் அலுமாரியை ஒதுக்கியபோது ஒரு பழைய கொப்பி அகப்பட்டது. மோபின் கொடுத்த நேரங்களைக் கணக்கு ரீச்சரின் ஒழுங்கோடு கோடு போட்டு எழுதியிருந்தார்: காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, பின்னேரம் ஆறு, இரவு பத்து, சாமம் இரண்டு. நான் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனதும் பக்கத்தில் ஒரு பெயர் எழுதுவதைக் கண்டிருக்கிறேன், என்னவென்று கேட்கவில்லை. நோ அடங்கும்வரை அந்தப் பெயருக்காக ஜெபித்திருக்கிறார். காலை ஆறுக்குக் கிளினிக் தாதியின் பெயர். பத்துக்குப் பக்கத்து வீட்டுப் பையன். இரவு பத்துக்கு அந்த நவாலித் தாய். சாமம் இரண்டு மணிக்கு, ஒரு நாளும் தவறாமல், நீ. அப்போது உனக்குப் பின்னேரம் மூன்றரை, வேலை முடிகிற நேரம் என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் குறித்திருக்கிறார். நீ இங்கே இருக்கவில்லை என்று நினைக்கிறாய். அறுபது இரவுக்கு மேல் நீ அந்தக் கட்டிலருகே இருந்திருக்கிறாய்.

அடுத்த மாதம் ஸ்காபரோவுக்குத் திரும்பும் ஒருவரிடம் அந்தக் கொப்பியைக் கொடுத்து அனுப்புகிறேன். கடைசிக் கிழமையின் எழுத்து என்னுடையது. பேனை பிடிக்க முடியாமல் அம்மா பெயர்களைச் சொல்ல, நான்தான் எழுதினேன். அப்போதும் அதை மருந்துக் கணக்கோடு சேர்ந்த ஏதோ குறிப்பென்றே எண்ணியிருந்தேன். கடைசி இரண்டு நாளும் அவரால் சொல்ல முடியவில்லை. வழக்கத்தில் என் கை தானாகவே இரண்டு மணிக்கு நேரே உன் பெயரை எழுதியிருக்கிறது. இப்போதும் அந்த நேரத்துக்கு எனக்கு விழிப்பு வருகிறது. எழும்பி உட்கார்ந்து உன் பெயரைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா