பர்மாவிலிருந்து வருவோர் ஒரே ஊரில் தங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று தலைமுறையாக, முன்பு இரங்கூன் எனப்பட்ட யாங்கோனில் வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். கடந்த மார்கழியில் மனைவியோடும் பேத்தியோடும் காரைக்குடியில் 12 நாட்கள் தங்கியிருந்தேன். தெருமுனைத் தேநீர்க் கடையில் தங்கள் நாளிதழின் ஒரு தாளை நானும் மறு தாளைப் பக்கத்தில் நிற்பவரும் படித்து முடித்து மாற்றிக்கொள்வோம். அந்த உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பர்மிய பௌத்தர்கள் புத்தகயாவுக்கும் சாரநாத்துக்கும் செல்வதைப் போல, எங்கள் மக்கள் மதுரை, இராமேசுவரம், பழனி என்று வாழ்நாளில் ஒரு முறையேனும் புறப்பட்டுவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் வந்தேன். விடியற்காலை 5 மணிக்கு வண்டியில் ஏறி, இருட்டிய பிறகு வேறோர் ஊர் விடுதியில் இறங்கி, 9 நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட கோயில்களைத் தரிசித்துத் திரும்பினோம். தரிசனத்தில் குறையில்லை, ஆனால் அத்தனை நாளும் ஓட்டுநர், வழிகாட்டி, விடுதிப் பணியாளர் ஆகியோரைத் தவிர வேறு எவரோடும் நான் தமிழில் பேசவே இல்லை என்பது வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது.

எங்கள் பிள்ளைகள் தமிழைப் பள்ளிக்கூடத்தில் கற்பதில்லை. கோயிலில் நடக்கும் வார வகுப்பில்தான் கற்கிறார்கள். வகுப்பு முடிந்து தெருவுக்கு வந்தால் கடைப்பலகையும் பேருந்துப் பலகையும் பர்மிய எழுத்திலேயே இருக்கும். ஆகவே காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் தேவகோட்டை, திருப்பத்தூர், அறந்தாங்கி என்று ஒவ்வொரு பலகையாக எழுத்துக்கூட்டி வாசித்த என் பேத்தி, பால் பாக்கெட்டிலும் கல்யாணச் சுவரொட்டியிலும் கூடத் தமிழ் இருக்கக் கண்டு, "தாத்தா, இங்கே எல்லாருமே கோயில் வகுப்புக்குப் போனவர்களா?" என்று கேட்டாள். அதற்கு மேல் ஒரு தீர்த்த யாத்திரை எனக்குத் தேவைப்படவில்லை.

சிறிய செய்திகளே பெரிதாக மனத்தில் நிற்கின்றன. யாங்கோனில் அலுவலகத்துக்கும் திருமணத்துக்கும் லுங்கி உடுத்துவதுதான் மரியாதை. காரைக்குடியிலோ கைலி வீட்டு உடை. கோயிலுக்குக் கைலியோடு புறப்பட்ட என்னை எதிர்வீட்டுப் பெரியவர் மெல்லத் தடுத்து, தம்முடைய வேட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதை அறியாமல் காசை நீட்டிய என் மனைவியிடம், நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, "வச்சுக்கோங்கம்மா" என்றார். யாங்கோனில் நாங்கள் நான்காம் மாடியில் குடியிருப்பவர்கள். கோலமிட வாசல் கிடையாது. பக்கத்து வீட்டம்மா நாள்தோறும் விடியுமுன் பேத்தியை எழுப்பி, ஏழு புள்ளிக் கோலத்தைக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்து, சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகவும் விட்டார்.

"எந்த ஊர்?" என்று கேட்காதவர் இல்லை. பர்மா என்றதும், முதியவர் பலருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. தாத்தா இரங்கூனில் கணக்கெழுதியது, 1964இல் கடைகள் நாட்டுடைமையான பின் கையில் ஏதுமின்றிக் கப்பலேறியது, பர்மா காலனியில் குடியேறியது என்று பேச்சு நீளும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் எங்கள் ஊர்த் தேக்கு என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன்; அத்தூணில் சாய்ந்தபடி ஒரு மூதாட்டி, நான் மறந்துபோன பர்மியத் தாலாட்டின் இரண்டு வரிகளை முணுமுணுத்ததைக் கேட்பேன் என்று நினைத்ததில்லை. திரும்பும் வழியில், சென்னை பர்மா பஜாரை அடுத்த தள்ளுவண்டிகளில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் தின்றோம். எங்கள் மொகிங்கா என்னும் மீன் நூடுல்ஸ் சூப் அங்கே மீனை விட்டுவிட்டு வாழைத்தண்டோடு நின்றுவிட்டது. சுவை வேறுதான், ஆனாலும் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

யாங்கோனிலும் தமிழகத்திலும் யாத்திரை ஏற்பாடு செய்வோர், பயணத்தில் குறைந்தது மூன்று நாட்களையேனும் ஒரே ஊரில் நிகழ்ச்சி நிரல் இல்லாமல் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சில கோயில்கள் குறைந்தால் குறையட்டும். இன்னொன்று, தங்கள் வாசகர்களுக்கு. எங்களைப் போன்றோருக்கு அறை கொடுக்கச் சில வீட்டுக்காரர்கள் தயங்குவதை நேரில் கண்டேன். வெளிநாட்டவரைத் தங்கவைப்போர், அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரப் படிவத்தை அரசுக்கு அளிக்க வேண்டும் என்பதே அத்தயக்கத்துக்குக் காரணம். அதை இணையத்திலேயே அளித்துவிடலாம்; எங்களுக்கு இடம் தந்தவர், தம் மகனின் உதவியோடு வந்த அன்று மாலையே அதை முடித்துவிட்டார். அப்படிவத்தை நிரப்பும் முறையைத் தங்கள் நாளிதழ் ஒருமுறை விளக்கி வெளியிட்டால், வரும் மார்கழியில் இன்னும் சில குடும்பங்களுக்குக் கதவு திறக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
யாங்கோன், மியான்மர்