‘மூளைக் கவசம்’ விற்கும் அண்ணன்மாருக்கு

திருகோணமலையில் மூலிகைக் குளிசை விற்கும் கடைக்கார அண்ணன்மாருக்கு,

எந்தக் கடை என்று எழுத மாட்டேன். பச்சை மூடிப் போத்தல், வல்லாரை இலைப் படம், கீழே தனியாக ஒட்டிய ஸ்டிக்கரில் ‘மூளைக் கவசம், போதைப் பாதிப்பைத் தடுக்கும்’. மகன் ஐஸை (மெதம்பெட்டமைன் என்ற போதைப்பொருளை) விடட்டும் என்றுதான் என் அக்கா அதை வாங்கினார். அவனோ ஒரு பின்னேரம் பல்லை நறநறவென்று கடித்தபடி இரண்டு குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு, “இனிப் பயமில்லை மாமா, காப்புப் போட்டாச்சு” என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நீங்கள் முழுப்பொய் சொல்கிறீர்கள் என்றும் சொல்ல முடியாது. மூளையின் நரம்பு நுனிகளில் சின்னச் சின்னப் பைகளுக்குள் அடங்கியிருக்கும் டோபமின் என்ற செய்தி கடத்தும் இரசாயனத்தை ஐஸ் வெளியே கொட்ட வைக்கிறது, கொட்டிய டோபமின் ஒட்சியேறி நஞ்சாகி அந்த நுனிகளையே அரிக்கிறது, உடம்புச் சூடும் ஏறினால் சேதம் இன்னும் கூடும். மஞ்சளின் குர்குமின், தேயிலையின் கட்டெச்சின் போன்றவை இந்தச் சேதத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. எலிகளில்! அதுவும் பல ஆய்வுகளில் மருந்தை முதலிலேயே கொடுத்துவிட்டுத்தான் ஐஸை ஏற்றுகிறார்கள். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவுதான், அதிலும் குடல் உறிஞ்சுவது சொற்பம்.

மனிதரில்? ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் என்-அசிட்டைல் சிஸ்டீனை (இது மூலிகை இல்லை, சரி) அவுஸ்திரேலியாவில் 153 பேரை வைத்து 12 கிழமை சோதித்தார்கள். மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களிடம் ஐஸ் பாவனை குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. 2001இல் அமெரிக்காவில் ஐந்து பேரை ஸ்கேன் பண்ணினார்கள், ஐஸை விட்டு ஒரு வருடம் தாண்டியவர்கள். டோபமினைத் திரும்ப நரம்புக்குள்ளே எடுக்கும் புரதம் முதல் ஸ்கேனைவிட 16 முதல் 19 வீதம் வரை கூடியிருந்தது. ஐந்தே பேர்தான், தெரியும். ஆனால் அங்கே எந்தக் குளிசையையும் சோதிக்கவில்லை, ஐஸை விட்டவர்களைத்தான் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

‘மூலிகை, ஒன்றும் செய்யாது’ என்றும் சொல்கிறீர்களாம். 1893இல் ஜப்பானில் நகாய் என்ற இரசாயனவியலாளர் முதன்முதலில் மெதம்பெட்டமைனைச் செய்ததே எபெட்ரா என்ற மூலிகைச் செடியின் சத்திலிருந்துதான்.

வல்லாரையை விற்க வேண்டாம் என்று யார் சொன்னது? எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் வல்லாரைச் சம்பல்தான். அந்த ஸ்டிக்கரை மட்டும் உரித்துவிடுங்கள். சந்தேகமென்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்னொரு தாய் வந்து கேட்டால், தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி இலக்கம் 1927ஐ ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்.

அக்காவின் போத்தலில் பாதி மிச்சம் இருக்கிறது. சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன், காசு வேண்டாம்.

உவர்மலையிலிருந்து ஒரு தாய்மாமன்