உத்தரவாதக் காலத்தில் ஓயாமல் பழுதாகும் கார்கள்: வர்த்தக, தொழில் அமைச்சுக்கும் பயனீட்டாளர் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வர்த்தக, தொழில் அமைச்சின் அதிகாரிகளுக்கும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

புதிதாக வாங்கிய கார் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே பழுதாகி, பணிமனைக்குப் போய், ‘சரிசெய்துவிட்டோம்’ என்ற சொல்லோடு திரும்பி வந்து, சில வாரங்களில் மறுபடியும் அதே கோளாறைக் காட்டுகிறது. இது எத்தனை முறை நடந்த பிறகு, ‘இனிப் பழுதுபார்ப்பு வேண்டாம், என் பணத்தைத் தாருங்கள்’ என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு வருகிறது? நம் சட்டத்தில் இதற்குத் திட்டமான எல்லை இல்லை. அந்த எல்லையை வகுத்துத் தர வேண்டும் என்று கேட்டே இந்த மடலை எழுதுகிறேன்.

சட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள்களுக்கான ‘லெமன் சட்ட’ப் பிரிவுகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும்; அப்படி இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் விற்றவர்தான். அவர் அதைப் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும். நியாயமான காலத்துக்குள், வாங்கியவருக்குப் பெரும் இடைஞ்சல் இல்லாமல் அதைச் செய்ய முடியாவிட்டால், விலையைக் குறைக்கும்படியோ பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும்படியோ கோரலாம். இந்தப் பாதுகாப்பு பழைய கார்களுக்கும் உண்டு. நல்ல சட்டம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால், அந்த நியாயமான காலம் எவ்வளவு என்பதைக் காரை விற்ற நிறுவனமே முடிவு செய்வதுபோல்தான் நடைமுறை இருக்கிறது.

என் காருக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்கிய சில மாதங்களிலேயே, நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கியர்பாக்ஸ் குலுங்கத் தொடங்கியது. பிறகு, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கை விளக்கு எரிந்து, மிதித்தாலும் வேகம் எடுக்காத நிலை வந்தது. பணிமனையில் முதலில் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். அடுத்து ஓர் உணர்கருவியை மாற்றினார்கள். அதற்கும் அடுத்து கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் பாகத்தையே மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் கார் சில வாரங்கள் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் மாலை, மூட்டு வலியால் நடக்கச் சிரமப்படும் என் தாயாரைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு காலாங் – பாய லேபார் விரைவுச்சாலைச் சுரங்கப்பாதையில் போய்க்கொண்டிருந்தபோது, கார் ஓடும் தடத்திலேயே வேகம் இழந்து நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரியின் வெளிச்சம் எங்கள் பின்கண்ணாடி முழுவதையும் நிறைத்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். லாரி ஓட்டுநர் சமயத்தில் தடம் மாறினார். இழுவை வாகனம் வரும்வரை அம்மா என் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை.

மறுநாள் பணிமனையில் கொடுத்த தாளில் ‘சோதித்து ஓட்டப்பட்டது, கோளாறு எதுவும் தென்படவில்லை’ என்று ஒரே வரி அச்சாகியிருந்தது. நான் சொன்னவை எதுவும் அதில் இல்லை. சுரங்கப்பாதையும் இல்லை, எச்சரிக்கை விளக்கும் இல்லை. வண்டி சூடேறி, நெரிசலில் நெடுநேரம் ஊர்ந்த பிறகு வரும் கோளாறைக் காலையில், ஆறிய இயந்திரத்தோடு, பணிமனையைச் சுற்றியுள்ள காலிச் சாலையில் ஓட்டித் தேடினால் எப்படித் தென்படும்? காய்ச்சல் விட்டிருக்கும் நேரத்தில் கையைத் தொட்டுப் பார்த்து, நோயே இல்லை என்று அனுப்புவதைப் போன்றது இது. அங்கே வேலை செய்யும் மெக்கானிக்குகள்மீது எனக்குக் குறை இல்லை. அவர்களில் ஒருவர்தான் கோளாறின் பதிவு காருக்குள்ளேயே இருக்கும் என்பதை எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

அந்தப் பதிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைய காரில் கோளாறு ஏற்படும்போது, கட்டுப்பாட்டுக் கணினி அதற்குரிய குறியீட்டைச் சேமிக்கிறது. பல கோளாறுகளுக்கு அந்த நொடியில் காரின் வேகம், இயந்திரத்தின் வெப்பம், சுழற்சி எண்ணிக்கை ஆகியவற்றையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது. பணிமனையில் கருவியைப் பொருத்தி அதைப் படிக்கிறார்கள். படித்த பிறகு அழித்துவிடுகிறார்கள். அழிப்பதில் தவறில்லை, புதிய கோளாறைக் கண்டறிய அது தேவைதான். ஆனால், அழிப்பதற்கு முன் ஒரு பிரதியைக் கார் உரிமையாளரிடம் கொடுக்காததால், அவரிடம் இருக்கக்கூடிய ஒரே தொழில்நுட்பச் சான்று அழிந்துபோகிறது. இந்த இடத்தில்தான் ஆறு மாத விதியும் வலுவிழக்கிறது. மூன்றாம் மாதத்தில் நான் சொன்ன குறையைப் பணிமனைத் தாள் ‘தென்படவில்லை’ என்கிறது. எட்டாம் மாதத்தில் அதே குறையைக் கண்டுபிடித்ததாக எழுதுகிறது. தாளை மட்டும் பார்ப்பவருக்குக் குறை எட்டாம் மாதத்தில்தான் பிறந்தது. மெய்ப்பிக்கும் பொறுப்பு அதற்குள் என் தலையில் வந்து விழுந்துவிடுகிறது.

தாமதத்துக்கு வேறெந்த ஊரையும்விட நம் ஊரில் விலை அதிகம். 1990 முதல் இங்கே காரோடு வாகன உரிமைச் சான்றிதழையும் வாங்குகிறோம்; அதற்குப் பத்தாண்டுதான் ஆயுள். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ்க் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது. ஒரு இலட்சம் வெள்ளி என்று வைத்துக் கணக்கிட்டாலும், கார் பணிமனையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் சான்றிதழில் மட்டும் ஏறத்தாழ 27 வெள்ளி கரைகிறது. மாதத் தவணை, சாலை வரி, காப்புறுதி, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாகன நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். போன நாள்களை யாரும் திருப்பித் தருவதில்லை. கடன் வாங்கிக் கார் வைத்திருக்கும் சாதாரணக் குடும்பங்கள், பிள்ளைகளின் பள்ளிக்கும் பெரியவர்களின் மருத்துவமனைக்கும் அதையே நம்பியிருப்பவை, இந்த இழப்பைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எல்லை வகுப்பது இயலாத காரியமும் அன்று. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு முறை பழுதுபார்த்தும் குறை தீராவிட்டால் பொருளை நிராகரிக்கலாம். கலிஃபோர்னியாவில், கார் கைக்கு வந்த 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே குறைக்கு நான்கு முறையோ, உயிருக்கு ஆபத்தான குறையாக இருந்தால் இரண்டு முறையோ பழுதுபார்க்க முயன்றும் தீராவிட்டால், அல்லது கார் மொத்தம் 30 நாளுக்கு மேல் பணிமனையில் இருந்துவிட்டால், போதிய வாய்ப்பு கொடுத்தாகிவிட்டது என்றே சட்டம் கருதுகிறது. அவற்றை அப்படியே எடுத்தாள வேண்டும் என்பதில்லை. நம் சான்றிதழ் முறைக்கு ஏற்ப நாமே ஓர் எண்ணை வைக்கலாம்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே உச்சவரம்பு 20,000 வெள்ளி. இரு தரப்பும் இசைந்தால் 30,000. காரைத் திருப்பிக் கொடுக்க விரும்புபவரின் கோரிக்கை அந்த வரம்புக்குள் அடங்குவது அரிது. அதற்கு மேல் போனால் வழக்கறிஞர், நிபுணர் அறிக்கை, மாதக்கணக்கில் காத்திருப்பு. பயனீட்டாளர் சங்கத்தின் சமரச முயற்சியை மதிக்கிறேன். ஆனால் இணங்க மறுக்கும் விற்பனையாளரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. ஒரே குறைக்கு எத்தனை முயற்சி, மொத்தம் எத்தனை நாள் என்பதைக் கார்களுக்கென்று தனியே வரையறுங்கள். ஓடும்போது நின்றுபோவது போன்ற பாதுகாப்புக் குறைகளுக்கு அந்த எண் இன்னும் குறைவாக இருக்கட்டும். வாடிக்கையாளர் சொன்ன குறையை அவர் சொன்னபடியே, தேதியோடு பணிமனைத் தாளில் எழுதுவதையும், குறியீடுகளை அழிக்கும் முன் பிரதி தருவதையும் கட்டாயமாக்குங்கள். ஆறு மாதக் கணக்குக்கு முதன்முதலில் முறையிட்ட நாளே அடிப்படை என்று தெளிவுபடுத்துங்கள். குறை உண்டா இல்லையா என்று வழக்கு வந்தால், மூன்றாம் ஆண்டு முதல் நம் கார்களைச் சோதிக்கும் அங்கீகாரம் பெற்ற நிலையங்களைப் போன்ற நடுநிலையான ஓர் இடம், கோளாறு எந்தச் சூழலில் வருகிறதோ அதே சூழலில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வழி செய்யுங்கள்.

வெளிப் பணிமனையில் பராமரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று விற்பனையாளர்கள் விதித்திருந்த கட்டுப்பாட்டை, போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு 2017இல் அவர்களே நீக்கினார்கள். அரசு கேட்டால் இந்தத் துறை மாறும் என்பதற்கு அது போதிய சான்று.

என்னிடம் உள்ள பணிமனைத் தாள்கள், மின்னஞ்சல்கள், சுரங்கப்பாதையிலிருந்து காரை இழுத்துச் சென்ற பதிவு ஆகிய அனைத்தையும் உங்கள் அதிகாரிகளிடம் நேரில் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். சட்டத்தை மறுஆய்வு செய்யும் எண்ணம் அமைச்சுக்கு உண்டா என்பதைப் பொதுமக்கள் அறியும்படி தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வட்டாரத்தில் வசிக்கும் ஒரு கார் உரிமையாளர்