பாதுகாப்பு மாநாட்டு ஸ்டால்களுக்கும் விதிகள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் துறைகளுக்கான தகவல் பாதுகாப்பு மாநாடு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். மேடைப் பேச்சுகள் விரிவாக இருந்தன, கண்காட்சி அரங்கைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. சர்வர் பதிவுகளைக் கண்காணிக்கும் மென்பொருளைத் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இப்படிப்பட்ட மாநாடுகளில் ஸ்டால் போட்டு, வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசுவது என் பொறுப்பு. அங்கே நான் பார்ப்பதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஸ்டாலுக்கு வருபவர்கள் ஒரு துறையின் நெட்வொர்க்கையோ தரவு மையத்தையோ பார்த்துக்கொள்பவர்கள். கழுத்தில் தொங்கும் பேட்ஜில் பெயர், துறை, பதவி எல்லாம் இருக்கும். அதிலுள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் மொபைல் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் வந்துவிடும். அப்புறம் பேச்சு தொடங்கும். இப்போது எந்த ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் ஊடுருவலைத் தடுக்கும் அரண்) வைத்திருக்கிறீர்கள், அதன் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்போம். விற்பனைக்காக எல்லோரும் கேட்கிற கேள்விகள்தான். அவர்களும் மனம் விட்டுப் பேசுவார்கள். பழைய சர்வர் ஒன்று இன்னும் ஓடுகிறது, பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தம், போட்டு ரொம்ப நாளாயிற்று என்பார்கள். அதையும் குறித்துக்கொள்வோம். மாலையில் பார்த்தால், எந்தத் துறையில் யார் பொறுப்பு, என்ன கருவி, எங்கே பலவீனம் என்று எல்லாமே எங்கள் லேப்டாப்பில் இருக்கும். தாக்க நினைப்பவர் மாதக்கணக்கில் தேடி அலையும் விவரம் இது. அந்த லேப்டாப்பை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்று எந்த ஏற்பாட்டாளரும் என்னிடம் கேட்டதில்லை.

ஒரு மாநாடு முடிந்ததும், வந்தவர்கள் பட்டியல் முழுவதையும் எக்செல் கோப்பாக எல்லா ஸ்டால்காரர்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். கடவுச்சொல்கூட இல்லை. எங்கள் ஸ்டால் பக்கமே வராதவர்களின் எண்களும் அதில் இருந்தன. "மாநாட்டில் சந்தித்தோமே, நீங்கள் கேட்ட விலைப்பட்டியலை இணைத்திருக்கிறேன்" என்று ஒரு ஃபிஷிங் மின்னஞ்சல், அதாவது தெரிந்தவர் போல நடித்து ஏமாற்றும் மின்னஞ்சல், வந்தால் அந்த அதிகாரி திறக்கத்தான் செய்வார். பத்து ஸ்டால்களில் நின்று பேசியவருக்கு யாரிடம் எதைக் கேட்டோம் என்பது எப்படி நினைவிருக்கும்?

அடுத்தது, இலவசமாகக் கொடுக்கும் பென் டிரைவ். 2010-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆஸ்சர்ட் பாதுகாப்பு மாநாட்டில் ஐபிஎம் கொடுத்த பென் டிரைவ்களில் வைரஸ் இருந்தது தெரியவந்து, அந்த நிறுவனமே வந்திருந்தவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. 2017 டிசம்பரில் தைவான் அதிபர் அலுவலகம் நடத்திய தகவல் பாதுகாப்பு நிகழ்ச்சியில், வினாடி வினாவில் வென்றவர்களுக்குக் காவல்துறை 250 பென் டிரைவ்களைப் பரிசாகத் தந்தது. அவற்றில் 54-இல் தனிநபர் விவரங்களைத் திருடும் வைரஸ் இருந்தது. ஒப்பந்த நிறுவன ஊழியர் ஒருவரின் கணினியிலிருந்து அது தொற்றியிருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, எனக்குக் கவலை தருவதும் அதுதான். லோகோ அச்சிடுபவர், விளம்பரக் கோப்பை ஏற்றுபவர், பெட்டியில் அடுக்குபவர் என்று பல கைகள் மாறித்தான் அந்தப் பொருள் ஸ்டாலுக்கு வருகிறது. அத்தனை கணினிகளுக்கும் நாங்கள் எப்படி உறுதி சொல்ல முடியும்? ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தால் போதாதா?

அரசு நடத்தும் மாநாடு என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன். ஸ்டால் ஒதுக்கும்போதே நிபந்தனை போடலாம். பென் டிரைவ், சார்ஜர் என்று கணினியிலோ போனிலோ செருகும் எதையும் கொடுக்கக் கூடாது. பேட்ஜை ஸ்கேன் செய்தால் பெயரும் அலுவலக மின்னஞ்சலும் மட்டும் வந்தால் போதும், அதுவும் வந்தவர் சம்மதித்தால்தான். திரட்டிய விவரங்களைக் குறிப்பிட்ட நாளுக்குள் அழித்துவிட்டதாக நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். முழுப் பட்டியலை யாருக்கும் அனுப்பவே கூடாது. துறைகளும் தங்கள் அலுவலர்களை அனுப்பும் முன், ஸ்டாலில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினால் நல்லது.

இதனால் வியாபாரம் படுத்துவிடும் என்று சக ஸ்டால்காரர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் மென்பொருளை வாங்கிய துறைகள் எல்லாமே செயல்விளக்கத்தைப் பார்த்துவிட்டு அவர்களாகவே திரும்ப அழைத்தவை. பட்டியலைப் பார்த்து நாங்கள் போன் செய்ததால் எந்தத் துறையும் வாங்கியதில்லை.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் நிறுவன ஊழியர்