ஆங்கிலத் தாளைப் பற்றி அப்பா எழுதுவது

சிங்கப்பூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் ஆச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மத்திய அரசு வேலைக்காக நீ எழுதிய எஸ்.எஸ்.சி. முதல் கட்டத் தேர்வின் முடிவு வந்துவிட்டதாக, எங்களுடன் லாரியில் வேலைக்கு வரும் தம்பி ஒருவன் சொன்னான். அவன் தங்கையும் எழுதியிருக்கிறாளாம். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் கட்டத்தில் 100 கேள்விகளில் 25 ஆங்கிலம். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். இரண்டாம் கட்டத்தில், அது இந்த முறையோ அடுத்த முறையோ, ஆங்கிலத்தில் 45 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், தவறினால் ஒன்று போய்விடும். கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் இரண்டையாவது தவறு என்று தள்ள முடிந்தால் மட்டும் குறி, முடியாவிட்டால் விட்டுவிடு.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்யாதே, வாக்கியமாகப் படி. இங்கே காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் கூட்டத்தில் எல்லோரும் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்றுதான் சொல்கிறார்கள், வேலை நடக்கிறது. உன் தேர்வில் அந்த ‘அபௌட்’தான் பிழை. ‘சீனியர்’ என்ற சொல்லுக்குப் பின் ‘தேன்’ (than) வராது, ‘டு’ (to) தான் வரும். விதியாகப் படித்தால் இவை மறந்துபோகும், நீயே ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தால் நிற்கும். மரபுத்தொடருக்கும் அப்படியே செய். ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’, அதாவது எப்போதோ ஒரு முறை, என்பதற்கு உதாரணம் எழுத உனக்குச் சிரமமே இருக்காது. இப்போதெல்லாம் நீ என்னிடம் பேசுவதையே எழுதிவிடலாம்.

கோபித்துக்கொள்ளாதே. எட்டாம் வகுப்பில் இங்கே வேலைக்கு அனுமதி தந்து வந்த என் ஐ.பி.ஏ. கடிதத்தை வரிவரியாகப் படித்து, ஏஜெண்டு வாய்திறக்காத விஷயத்தை, சாப்பாட்டுக்காகச் சம்பளத்தில் பணம் பிடிப்பதை, கண்டுபிடித்துச் சொன்னவள் நீ. அதை இன்றும் என் அறையில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப் படிக்கத் தெரிந்தவளுக்கு 25 கேள்விகள் பெரிதில்லை என்பது என் எண்ணம். ஆனால் தினமும் படிக்க வேண்டும். ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்று, அதிலிருந்து ஐந்து வாக்கியங்கள். பட்டியல் வேண்டாம், வாக்கியமாகப் படி.

பயிற்சி மையத்துக்கான பணத்தை அம்மாவின் கணக்கில் போட்டிருக்கிறேன். அடுத்த முறைக்கும் சேர்த்தே போட்டிருக்கிறேன், தேவைப்பட்டால் எடுத்துக்கொள். இரவு பத்து மணிக்கு, அங்கே ஏழரைக்கு, அழைக்கிறேன். பேச மனமில்லையென்றால் எடுக்க வேண்டாம்; அன்று எழுதிய ஐந்து வாக்கியங்களைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். பிழை இருந்தாலும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா