கெட் படுத்தும் பாடு

அன்பு மகளுக்கு,

'யூ கெட் டு பிரசென்ட்' என்று மேலாளர் சொன்னதற்கா இவ்வளவு கோபம்? அவர் உன் தலையில் வேலையைக் கட்டவில்லை பிள்ளை, பேசுகிற வாய்ப்பை உனக்குத் தந்திருக்கிறார். நெதர்லாந்தில், உட்ரெக்டில் டச்சில் படித்து வளர்ந்த உன் காதில் அது, செய்தே ஆகவேண்டும் என்கிற 'மூட்டன்' என்று விழுந்திருக்கிறது. அவர் சொன்னதோ, செய்யலாம் என்கிற 'மோகன்'. (பெரியப்பாவைச் சொல்லவில்லை, சிரிக்காதே.) 'ஐ ஹேவ் காட் டு கோ' என்றால் போயே ஆகவேண்டும். 'ஐ கெட் டு கோ' என்றால் போகக் கிடைத்திருக்கிறது.

இந்த ஆங்கிலக் 'கெட்'டுக்குச் சரியான டச்சுச் சொல் எது என்று கேட்டிருந்தாய். அப்படி ஒன்று இல்லை. பள்ளிக்கூடத்தில் 'கிரைகன்' என்று படித்திருப்பாய். கடிதமோ பரிசோ கைக்கு வந்தால் அது சரி. ஆனால் கெட்டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கவேண்டும். இருட்டிக்கொண்டு வந்தால் 'வோர்டன்'. வீடு போய்ச் சேர்ந்தால் 'கோமன்'. கடைக்குப் போய்ப் பால் எடுத்துவரச் சொன்னால் 'ஹாலன்'. விளங்கிவிட்டால் 'ஸ்னாப்பன்'. குளிர்தான் கொஞ்சம் குழப்பும்: வானிலை குளிர்ந்தால் வோர்டன், உனக்கே குளிரத் தொடங்கினால் திரும்பவும் கிரைகன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கெட்தான்.

எனக்குப் பிடித்தது 'கெட் ஆன்'. காலையில் பள்ளிக்கு நேரமாகிறது என்று 'ஸ்கீட் ஒப்!' என்று உன்னைத் துரத்துவேனே, அதே 'ஒப்ஸ்கீட்டன்' ஒருவரோடு நன்றாக ஒத்துப்போவதையும் குறிக்கும். ஆங்கிலத்திலும் அப்படியே. 'லெட்ஸ் கெட் ஆன்' என்றால் வேலையைப் பார்ப்போம், 'வி கெட் ஆன்' என்றால் எங்களுக்குள் ஒத்துப்போகிறது. வேகத்துக்கும் சிநேகத்துக்கும் என்ன சம்பந்தமோ, இரண்டு மொழியும் சேர்ந்தே முடிச்சுப் போட்டிருக்கின்றன.

இன்னொன்று. இங்கிலாந்தில் நீ இருக்கிற யார்க்கை 866இல் வைக்கிங்குகள் என்ற வட ஐரோப்பியக் கடலோடிகள் பிடித்தார்கள். கெட் அந்த ஆட்களின் நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொல். டச்சில் அதன் உறவு 'ஃபர்கேட்டன்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது, ஆங்கில 'ஃபர்கெட்' மாதிரியே. பெறுவதற்கான வேரை மறப்பதில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்!

கந்தோரில் (அலுவலகத்தைத்தான் சொல்கிறேன், இது டச்சுக்காரர் இலங்கையில் நமக்கு விட்டுப்போன சொல்) அறிக்கை எழுதும்போது மட்டும் கெட்டைக் குறைத்துக்கொள். 'ரிசீவ்', 'அரைவ்' என்று எழுது. பேச்சில் குறைக்காதே, புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம், 'ஐ காட் மை ஹேர் கட்' என்று யாராவது சொன்னால் தானே கத்தரியைப் பிடித்தார் என்று நினைக்காதே. வெட்டுவித்தார், டச்சில் 'லாட்டன்'. உன் அப்பா மாதிரி ஆட்கள் வேறு, அவர்கள் தாங்களே வெட்டிக்கொள்வார்கள்.

அன்புடன்,
அம்மா