பழைய பேஸ் கிட்டாருக்கு இனி எப்படி விலை போடுகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடைக்கு வந்துபோகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். சுவரில் மாட்டியிருக்கும் பழைய பேஸ் கிட்டார்களின் விலைச் சீட்டை எல்லாம் கழற்றிவிட்டு வேறு சீட்டு கட்டியிருக்கிறோம். முன்பு “ஜப்பான், 70கள்” என்று ஒரு வரி, அதன் கீழே விலை, அவ்வளவுதான். இப்போது சீட்டு நிறைய எழுத்து. சிலவற்றின் விலை நன்றாகவே இறங்கியிருக்கிறது. இரண்டொன்று ஏறியும் இருக்கிறது. “என்ன அண்ணே, சரக்கு போகலையா?” என்று பலர் விசாரித்தீர்கள். காரணம் அது இல்லை. முழுசாகச் சொல்லிவிடுவது முறை என்பதால் இந்த மடல்.

போன ஆடியில் ஒரு கல்லூரித் தம்பி வந்தார். சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறவர், இரவல் கிட்டாரில் கற்றுக்கொண்டவர். ஒரு வருடமாகச் சேர்த்த பணம் கையில். சுவரிலிருந்த ஒரு ஜப்பான் பேஸின் மேல்தான் அவர் கண். சன்பர்ஸ்ட் நிறம் பழுத்து, ஓரமெல்லாம் தேய்ந்து மரம் தெரிந்தது. பார்க்க அத்தனை அழகு. கொடுத்தோம். மூன்றாவது வாரம் உறையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், பன்னிரண்டாவதன் மேல் கம்பி விரலை அறுக்கிற உயரத்தில் நின்றது. அந்தக் கழுத்து, அதாவது நெக், வில்லாக வளைந்திருந்தது. சரி, நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்துவிடலாம் என்று நெக்கைக் கழற்றினோம். நட்டு சும்மா சுற்றியது. முன்னால் வைத்திருந்த யாரோ இறுக்கி இறுக்கி மரையே தேய்ந்து போயிருந்தது. விற்பதற்கு முன்னால் அதை நாங்கள் ஒரு தடவைகூடத் திருகிப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்தோம், வயதைப் பார்த்தோம், அதற்குத்தான் விலையும் போட்டோம். தவறு முழுக்க எங்களுடையது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்தத் தம்பி கடையை விட்டு இறங்கிப் போன முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அன்றைக்கே சுவரிலிருந்த எல்லாவற்றையும் கீழே இறக்கினோம். ஒவ்வொன்றாக நெக்கைக் கழற்றிப் பார்த்தோம். அதன் பலன்தான் இந்தப் புதுச் சீட்டுகள்.

பேஸ் கிட்டாரில் நெக்குக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று புதியவர்கள் கேட்கலாம். நான்கு கம்பியையும் சுருதி சேர்த்து வைத்தால் அவை சேர்ந்து இழுக்கும் விசை 75, 80 கிலோவுக்கு வரும். ஓர் ஆள் இரவும் பகலும் அதில் தொங்கிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இழுவைக்கு எதிராக நெக்கைத் தாங்குவது உள்ளே ஓடும் இரும்புக் கம்பி, அதுதான் ட்ரஸ் ராட். கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் போனால் வேறு போடலாம், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட் கரகரத்தால் இருபது நிமிட வேலை, சுருதி சேர்க்கும் கீ சுற்றவில்லை என்றால் மாற்றிவிடலாம். ட்ரஸ் ராட் செத்துப்போன நெக்கைச் சரிசெய்ய ஆகும் செலவில் சுமாரான புது பேஸே வாங்கிவிடலாம்.

இதை நீங்களே சோதிக்கலாம், எங்கள் கடையில் மட்டுமல்ல, எங்கே வாங்கினாலும். சுருதி சேர்த்த நிலையில் முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப், போடுங்கள். நெக் உடம்போடு சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பியை ஒரு விரலால் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே உங்களுக்கு ஸ்கேல். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு லேசாக நுழைய வேண்டும். சுமார் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கார்டு நுழையவே இல்லை என்றால் நெக் ஒரேயடியாக நேராக நிற்கிறது, அல்லது பின்பக்கம் வளைந்திருக்கிறது. ஏழெட்டுக் கார்டு நுழைந்தால் முன்பக்கம் வளைந்திருக்கிறது. எது என்றாலும் பயப்பட வேண்டியதில்லை, ட்ரஸ் ராட் உயிரோடு இருந்தால். கால் சுற்று திருகச் சொல்லிவிட்டு மறுபடி கார்டை வையுங்கள். இடைவெளி மாறினால் நல்ல நெக். விற்கிறவர் திருக மறுத்தால் அந்தப் பேரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி செய்த பழைய பிரிசிஷன் பேஸிலும் அதைப் பார்த்துச் செய்த பலவற்றிலும் ஒரு தொல்லை உண்டு. திருகவேண்டிய நட்டு நெக்கின் அடிப்பாகத்தில், உடம்புக்குள் ஒளிந்திருக்கும். அதைத் தொட வேண்டுமானால் பின்னாலுள்ள நான்கு திருகையும் கழற்ற வேண்டும். அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்காமல் விட்டதற்கு அதுதான் காரணம். இனி பார்த்துவிட்டுத்தான் சுவரில் மாட்டுவோம்.

நெக்கைக் கழற்றுவதில் இன்னொரு நன்மை, வயது தெரியும். ஃபெண்டரில் பெரும்பாலான வருடங்களில் நெக்கின் அடியில் தேதியைப் பென்சிலால் எழுதியோ முத்திரை குத்தியோ வைத்தார்கள். உள்ளே இருக்கும் வால்யூம் பாட்டின் முதுகிலும் ஓர் எண் இருக்கும். உதாரணத்துக்கு 1376633 என்றால், 137 அந்தப் பாட்டைச் செய்த சி.டி.எஸ். கம்பெனியின் குறி, 66 வருடம், 33 அந்த வருடத்தின் வாரம். இதை வைத்து “66ஆம் வருட கிட்டார்” என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் பாட் செய்த தேதி மட்டும்தான். ஃபெண்டர் 1966இல் வால்யூம் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்ததால் 1969 வரை செய்த கிட்டார்களிலும் அவை கிடக்கின்றன. பின்னால் இருக்கும் நம்பர் தகடோ நான்கு திருகில் நிற்பது, பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். 70களின் ஜப்பான் சரக்கில் பலவற்றுக்கு நம்பரே கிடையாது. அதனால் மூன்று நான்கு அடையாளம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் சீட்டில் வருடம் எழுதுவோம். இல்லையென்றால் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

சேகரிப்பவர்கள் உலகம் வேறு. லியோ ஃபெண்டர் 1965 தொடக்கத்தில் தன் கம்பெனியை சி.பி.எஸ். என்ற ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதற்கு முன்னால் செய்ததற்கு ஒரு விலை, பின்னால் செய்ததற்கு ஒரு விலை. மேல் பெயின்ட் மறுபடி அடித்திருந்தால் விலை வழக்கமாகப் பாதிக்கு வந்துவிடும். உள்ளே சாலிடர் தொடப்பட்டிருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன், அவர்களால்தான் இந்தச் சரித்திரம் காப்பாற்றப்படுகிறது. ஆனால் அந்த வரிசைப் பொருள் நம் சுவரில் இல்லை. நம்மிடம் இருப்பவை அந்தக் காலத்திலேயே மலிவு விலைக்கென்று செய்தவை. அவற்றுக்குச் சேகரிப்பாளர் விலை சொன்னது நியாயமில்லை என்பதால்தான் இறக்கினோம்.

மலிவு என்று எழுதியதும் மனசு சங்கடப்படுகிறது, ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பேஸ்கள் எல்லாம் மலிவாகச் செய்தவைதான். நியூ ஜெர்சியில் டேன்எலெக்ட்ரோ கம்பெனி சியர்ஸ் கடைக்குச் செய்துகொடுத்ததைப் பாருங்கள். மரச் சட்டத்தின் மேலும் கீழும் மேசனைட் என்ற அழுத்திய மரநார் அட்டை. பிக்கப்புக்கு உறை லிப்ஸ்டிக் குழாய். தபால் ஆர்டரில் வாங்கும் பையன்களுக்கென்று செய்தது, அதன் ஓசை இன்றைக்கும் வேறெதிலும் வராது. ஜெர்மனியில் ஹோஃப்னர் செய்த வயலின் வடிவ பேஸை பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கியதற்கு முதல் காரணமே அது கைக்கு எட்டிய விலை, சுமார் 30 பவுண்டு. இடதுகைக்காரரான அவருக்குத் திருப்பிப் பிடித்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது இன்னொரு வசதி. 1972இல் திருடுபோன அந்த பேஸ் ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் அவரிடம் திரும்பிவந்தது. 2024இல் அந்தச் செய்தி வந்த அன்று மாலை கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் நம் வீட்டுப் பொருள் கிடைத்ததுபோல் சந்தோஷம்.

ஜப்பான் கதையும் இதேதான். 60களில் டெய்ஸ்கோ போன்றவை அமெரிக்கக் கடைகளுக்கு அவர்கள் சொன்ன பெயரைப் போட்டு அனுப்பின. 70களில் மாட்சுமோட்டோ நகரத்துப் பட்டறைகள், ஃபுஜிஜென், மாட்சுமோக்கு எல்லாம், அமெரிக்க மாடல்களைப் பார்த்துச் செய்யத் தொடங்கின. முதலில் செய்தவற்றில் பல பிளைவுட் உடம்பு. தசாப்தம் முடிவதற்குள் கை தேறி, அசலைவிட நன்றாக இருக்கிறது என்று வாசிப்பவர்களே சொல்லும் நிலைக்கு வந்தார்கள். கடைசியில் 1982இல் ஃபெண்டரே ஜப்பானில் கூட்டுக் கம்பெனி தொடங்கி ஃபுஜிஜெனிடம் செய்யக் கொடுத்தது. அப்போது அதன் மலிவு கிட்டார்களுக்கு வைத்த பெயர்தான் ஸ்கொயர். நம்பர் ஜே.வி. என்று தொடங்கும் அந்த முதல் வரிசையை இன்றைக்குத் தேடி அலைகிறார்கள். ஆக, 70களின் தொடக்கமா முடிவா என்பதிலேயே பிளைவுட்டுக்கும் முழு மரத்துக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. “ஜப்பான், 70கள்” என்று ஒரே வரியில் எழுதியது எவ்வளவு பொறுப்பில்லாத வேலை என்று இப்போது புரிகிறது.

இன்னொரு சொல்லையும் எடுத்துவிட்டோம். “லாசூட்” பேஸ் என்று கேட்டு வருகிறீர்கள். வழக்கு நடந்த மாடல் என்று சொல்லி விலையை ஏற்றும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. 1977இல் கிப்சன் என்ற அமெரிக்கக் கிட்டார் கம்பெனியின் தாய்க் கம்பெனி நார்லின், அமெரிக்காவில் ஐபனெஸ் என்ற ஜப்பான் கிட்டார்களை விற்ற எல்ஜர் கம்பெனி மேல் போட்ட வழக்கு அது. கிட்டாரின் தலைப்பகுதி வடிவம் பற்றியது. வெளியிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். ஃபெண்டர் வடிவத்தில் செய்த ஜப்பான் பேஸுக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை.

விலை ஏறிய இரண்டும் எவை என்றால், கறுப்பு யமஹா பிபியும் தலையில் பெயரே இல்லாத அந்தக் காபி நிற பேஸும். இரண்டின் நெக்கும் ஸ்கேல் வைத்த மாதிரி நேர், ராட் வெண்ணெய்போல் திரும்புகிறது. காபி நிறத்துக்கு வயது தெரியவில்லை, சீட்டில் வருடமும் இல்லை. அதன் விரல்பலகை ஈட்டி மரம். பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரம் அரிதாகிப்போன 60களின் பிற்பகுதியிலிருந்து உலகத்துக் கிட்டார்களின் விரல்பலகைக்கு அதிகமாகப் போனது நம் மேற்குமலைத் தொடரின் ஈட்டிதான். எண்ணெய் தொட்டுத் துடைத்தபோது கருஞ்சிவப்பு ரேகைகள் மேலே வந்தன. வந்து பாருங்கள், வாங்க வேண்டும் என்பதில்லை.

முதல் பேஸ் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜா சார் பாட்டில் பேஸ் தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டு போவதைக் கேட்டுத்தான் உங்களில் பலர் வருகிறீர்கள். பழைய மரத்தில்தான் அந்த ஓசை வரும் என்று நினைக்காதீர்கள். முதல் பேஸ் புதிதாக இருக்கட்டும். இன்றைய ஸ்கொயர் அஃபினிட்டி, யமஹா டி.ஆர்.பி.எக்ஸ். 174, ஐபனெஸ் ஜியோ வரிசை, இவற்றில் எதுவும் நெக்கையும் கம்பி உயரத்தையும் சரிபார்த்து செட்டப் செய்துவிட்டால் பல வருடம் உழைக்கும். கை சிறியது என்றால் கம்பி நீளம் 34 அங்குலத்துக்குப் பதில் 30 அங்குலம் உள்ளதைக் கேளுங்கள். அந்த உருண்ட, மழுங்கிய பழைய ஓசைதான் வேண்டுமென்றால் கிட்டாரை மாற்றாதீர்கள், கம்பியை மாற்றுங்கள். மேலே தட்டையாகச் சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பி போட்டு, உடம்பில் கம்பி முடியும் பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வையுங்கள். டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைக் கம்பெனியின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அப்படித்தான் வாசித்தார், ஆள்காட்டி விரல் ஒன்றால். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள்.

சென்னை வெயிலுக்கும் மழைக்கும் நெக் அசையும். மே மாதம் செட்டப் செய்தது ஐப்பசி மழையில் அப்படியே நிற்காது. வருடத்துக்கு இரண்டு தடவை கொண்டுவாருங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் உறையிலேயே அரைமணி நேரம் இருக்கட்டும். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் கம்பியைத் துடையுங்கள், வியர்வையும் கடல்காற்றும் சேர்ந்தால் துரு சீக்கிரம் ஏறும். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் என்றால் ஒயரைக் கழற்றிவைக்க மறக்காதீர்கள். ஜாக்கில் பின் இருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

இனி சீட்டில் இருப்பவை: நெக் எப்படி இருக்கிறது, ராட் எவ்வளவு திரும்புகிறது, ஃப்ரெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள், மாற்றியது நாங்களா முன்பு வைத்திருந்தவரா. நெக்கைக் கழற்றி எடுத்த படமும் கேட்டால் காட்டுவோம். வாங்கிய ஒரு மாதத்துக்குள் நெக்கில் குறை என்றால் முழுப் பணமும் திரும்ப உண்டு. சென்ற மூன்று வருடங்களில் எங்களிடம் பழைய பேஸ் வாங்கியவர்கள் எந்த சனிக்கிழமையும் மதியத்துக்கு மேல் கொண்டுவாருங்கள். உங்கள் முன்னாலேயே கழற்றிப் பார்ப்போம், கட்டணம் இல்லை. ராட் கெட்டிருந்தால் அந்தத் தம்பிக்குச் செய்ததையே உங்களுக்கும் செய்வோம்.

அந்தத் தம்பி இப்போது நம்மிடமே ஒரு புது யமஹா எடுத்திருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சில வாரம் கடைப் பக்கம் வருகிறார். காபி நிற பேஸை இறக்கித் தரச் சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரம் வாசித்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டுப் போகிறார்.

அன்புடன்,
கடையிலிருந்து
பெரம்பூர், சென்னை